பொலியின் முன்னால் கேட்ட கேள்வி

அந்த நாளில் செங்கலடியில் என்னைப் ‘பேப்பர்காரர்’ என்றுதான் சொல்வார்கள். நான் எந்தப் பேப்பருக்கும் ஒரு வரி எழுதியவன் அல்ல. கொழும்பில் அச்சாகும் பத்திரிகை ஒருநாள் பிந்தி ரயிலில் வந்து இறங்கும். அதை ஏறாவூர் ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டு, பதுளை றோட்டுச் சந்தியில் இருந்த தேத்தண்ணிக் கடைக்கு வந்து, அங்கே கிடந்த நீள மர வாங்கில் உட்கார்ந்து உரத்து வாசிப்பேன். வாசிப்பது கொஞ்சம், வியாக்கியானம் அதிகம். பத்திரிகையில் நாலு வரி இருந்தால் என் வாயில் நாற்பது வரி வரும். கேட்டவர்களுக்கும் அந்த மிச்ச முப்பத்தாறு வரிதான் பிடித்திருந்தது.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சில வருடங்களுக்கு முந்திய காலம் அது. கொழும்பு மந்திரி ஒருவர் இந்தியாவுக்குப் போய் வியாபாரம் பேசி ஓர் ஒப்பந்தத்தோடு வரப்போகிறார் என்று பத்திரிகை எழுதத் தொடங்கியது. நமது தேங்காய்க்கும் கொப்பறாவுக்கும் அங்கே போட்டிருந்த தீர்வையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பாராம். அதற்குப் பதிலாக அவர்களுடைய அரிசியை நாம் தீர்வை இல்லாமல் இறக்குவோமாம். தென்னந்தோட்டக்காரருக்கு அது நல்ல செய்தி. வெள்ளாமை செய்கிறவனுக்கு அது தலையில் இடி. கப்பலில் வந்த அரிசி ஏற்கெனவே சந்தையை நிறைத்திருந்தது. தீர்வையும் போய்விட்டால் எங்கள் நெல்லைக் கோழிக்குத்தான் போட வேண்டும் என்று நான் வாங்கில் இருந்து முழங்கினேன்.

மந்திரியை நம்பியவர் எங்கள் கடையில் ஒருவரும் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் நம்பாததற்கு வேறு வேறு காரணம் வைத்திருந்தார்கள். எங்கள் வயல் வட்டையில் வேலைக்காரருக்குத் தலைமையாக நின்று வெள்ளாமையைப் பார்க்கிற முல்லைக்காரர், மந்திரி வயலில் இறங்கி ஒரு நாளாவது சேறு மிதித்தவரா என்று மட்டும் கேட்டார். இல்லை என்று நான் சொன்னதும் அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது. ஏறாவூரில் சீலைக்கடையும் நெல் வியாபாரமும் வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை அண்ணன் என்ற அர்த்தத்தில் காக்கா என்போம்; அவருடைய சந்தேகம் வேறு மாதிரி. அவர் வாரத்தில் நாலு நாள் எங்கள் கடைக்கு வருவார், பேரம் பேசுவதில் அவரை வென்றவர் அந்தப் பக்கத்தில் கிடையாது.

“தம்பி, சந்தைக்குள்ள போக முந்தியே, இந்தச் சாமான் கிடைக்காட்டி நான் செத்துப்போவன் எண்டு வாசல்ல நிண்டு கத்தினவனுக்கு எவன் விலை குறைப்பான்?” என்றார் காக்கா. “இந்த மனிசன் பேப்பர்ல போட்டுக் கத்திப்போட்டுப் போறாரு.”

அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. என்றாலும் அரை மணித்தியாலம் சொன்னேன்.

எனக்கு அந்த விஷயத்தில் வாயோடு நிற்க முடியாத ஒரு காரணமும் இருந்தது. கரடியனாற்றுப் பக்கம் எங்களுக்கு ஏழு ஏக்கர் வயல். ‘எங்களுக்கு’ என்று எழுதுகிறேன், காணி உறுதிப் பத்திரத்தில் இருந்தது என் மனைவியின் பெயர். எங்கள் பகுதியில் காணியும் வீடும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். மாப்பிள்ளை கட்டிய வேட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வான். நானும் அப்படி வந்து சேர்ந்தவன்தான். மூன்று வருடம் வெள்ளமும் பூச்சியுமாக அந்த வயல் எங்களைக் கைவிட்டிருந்தது. மனைவிக்கு ஒரே தங்கை. பெற்றவர்கள் இல்லாத வீட்டில் அவளுக்குத் தாயும் தகப்பனும் என் மனைவிதான். ஆவணியில் கலியாணம் என்று நிச்சயித்திருந்தோம். மாப்பிள்ளை வந்து குடியேற வீடு வேண்டும். எங்கள் வளவிலேயே சுவர் எழும்பி, கூரை இல்லாமல் அது நின்றுகொண்டிருந்தது. அந்தக் கூரை அந்த வருட நெல்லில்தான் ஏற வேண்டும். இல்லையென்றால் கலியாணம் தள்ளிப்போகும். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போன கலியாணம் அது.

ஆகவே நெல் விளையவும் வேண்டும், விளைந்த நெல்லுக்கு விலையும் வேண்டும். முதலாவதை மழை பார்த்துக்கொண்டது. அந்த மாரி வெள்ளாமை போல ஒரு வெள்ளாமையை அதற்கு முந்தி நான் பார்த்ததில்லை. இரண்டாவதை நான் பார்த்துக்கொள்வதாக மனைவியிடம் சொன்னேன். எழுதத் தெரிந்தவன் என்ற பெருமையில் மந்திரிக்கு ஒரு பெட்டிசம் எழுதினேன். எங்கள் வட்டையில் வெள்ளாமை செய்கிற எல்லோரும் இந்திய அரிசிக்கு ஒப்பவில்லை என்று அதில் விளக்கமாக எழுதி, கைநாட்டு வாங்குவதற்குள் பொறுமை இல்லாமல், எங்கள் பகுதி அரசாங்க சபை அங்கத்தவருக்கு அதில் ஒரு நகலை அனுப்பிவிட்டேன்.

இரண்டு கிழமைக்குள் அவரிடமிருந்து பதில் வந்தது. மந்திரி கப்பல் ஏறுமுன் கமக்காரரின் அபிப்பிராயத்தை நேரில் கேட்க விரும்புகிறார், அவருடைய காரியதரிசி ஒருவர் மட்டக்களப்புக்கு வருகிறார், வெள்ளாமை செய்கிறவர்களை ஓரிடத்தில் கூட்டி வைக்க முடியுமா என்று கேட்டிருந்தது. நான் அந்தக் கடிதத்தைக் கடையில் மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்கும்போது ஒருவரும் கேட்கவில்லை.

காரியதரிசி வருகிற கிழமை, அடுக்கி வைத்த கதிர்ச் சூட்டை மாடு விட்டு மிதிக்கிற கிழமை. எங்கள் வட்டையில் வெள்ளாமை செய்கிற முப்பது பேரும் வேலையை விட்டுச் செங்கலடிக்கு வரமாட்டார்கள். அவரைச் சூடு மிதிக்கிற களவெட்டிக்கே கூட்டி வந்துவிடலாம், எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள் என்று நான் தீர்மானித்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“பொலி கூட்டின களத்தில வெச்சா அந்த ஆளக் கேக்கச் சொல்லப் போறீங்க?” என்றாள்.

“ஓம். அதில என்ன?”

“ஒண்ணுமில்ல. மறுகா உங்கட விருப்பம்.”

அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்பது எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்துக் களவெட்டியில் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. சூடு மிதித்து, தூற்றி, நெல்லைப் பொலியாகக் குவித்தபின், அதை அளந்து சாக்கில் கட்டும்வரை, அந்த வட்டத்துக்குள் குறைவைக் காட்டுகிற எந்தச் சொல்லும் வாயில் வரக்கூடாது. இல்லை, வேண்டாம், போதும், முடிந்தது என்கிற எதையும் அங்கே சொல்வதில்லை. குடத்தில் தண்ணீர் தீர்ந்தால் தண்ணீர் பெருகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். நெல் அள்ளும் கடகத்துக்கு அங்கே பெருவாயன் என்று பெயர். அளக்கும்போது முதல் மரைக்காலை ஒன்று என்று எண்ணுவதில்லை, லாபம் என்பார்கள். பொலியைச் சுற்றிப் பூதங்கள் காத்திருக்கும், குறைச்சொல் காதில் விழுந்ததும் நெல்லை வாரிக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. பெண்கள் அந்த வட்டத்துக்குள் கால் வைப்பதே இல்லை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மெதடிஸ்ட் பள்ளிக்கூடத்தில் படித்தவன், தினமும் பேப்பர் வாசிக்கிறவன், பூதத்துக்குப் பயப்படலாமா? கடையில் காக்காவும் மனைவி கேட்டதையே கேட்டார். நெல் வாங்கப் போய்ப் போய் அவருக்கும் அந்த முறையெல்லாம் தெரியும். களத்தில் நின்று எப்படி இல்லை என்று சொல்லுவீர்கள் என்றார். முதல் ஆளாக நான் சொல்லுகிறேன், மற்றவர்கள் பின்னால் சொல்லுவார்கள் என்றேன். மந்திரியையே நம்பாத நான் பூதத்தை நம்புவேனா என்று ஒரு போடும் போட்டேன். கடையே சிரித்தது. காக்கா மட்டும் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார்.

காரியதரிசி காலை ரயிலில் வந்து இறங்கினார். நான் எதிர்பார்த்தது தொப்பி வைத்த, மூக்கைச் சுளிக்கிற ஒரு கிழவரை. வந்தவர் முப்பது வயதைத் தாண்டாத, மரியாதை தெரிந்த மனிதர். மாட்டு வண்டியில் பாலம் தாண்டிப் போகும்போது வாவியைப் பார்த்து, இதில் என்ன மீன் பிடிபடும் என்று கேட்டார். சொன்னேன். குறித்துக்கொண்டார். நெல்லின் இனங்களைக் கேட்டார். அதையும் குறித்துக்கொண்டார். அவ்வளவு அக்கறையாக ஒரு கொழும்புக்காரர் எங்களைப் பற்றிக் கேட்டதை நான் கண்டதில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனதுதான் முதல் கோளாறு.

களவெட்டி வரம்பில் அவரே சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கால் கழுவினார். யாரும் சொல்லவில்லை, மற்றவர்களைப் பார்த்துச் செய்தார். முல்லைக்காரர் தலையை ஆட்டினார், அது அவரிடம் பெரிய பாராட்டு. பின்னேரக் காற்றில் தூற்றி முடித்திருந்தார்கள். நடுவே என் மனைவியின் பொலி.

அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் முந்தின நாள் பார்த்தபோது கதிர்ச் சூடாக இருந்தது. இப்போது நெல்லாக, என் நெஞ்சு உயரத்துக்கு, மஞ்சளாக நின்றது. மூன்று வருடமாக அந்தக் களத்தில் நாங்கள் கூட்டியது என் முழங்காலைத் தாண்டியதில்லை.  கூரை, கதவு, தங்கையின் கலியாணச் சோறு எல்லாம் அந்தக் குவியலுக்குள் இருந்தன. இன்னும் அளக்கவில்லை.

காரியதரிசி பொலியைப் பார்த்துக் கை கூப்பினார். பிறகு சுற்றி நின்ற முப்பது பேரையும் பார்த்து நல்ல தமிழில் பேசினார். மந்திரி போகிற காரியத்தைச் சொன்னார். தேங்காயையும் அரிசியையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. கடைசியில், மந்திரியின் இந்தப் பேச்சு நல்லபடி நிறைவேறுவதில் உங்களுக்குச் சம்மதமா, ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டார்.

 முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் முல்லைக்காரரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். காரியதரிசி கேள்வியை இன்னொரு தரம், இன்னும் மரியாதையாக, முல்லைக்காரரைப் பார்த்தே கேட்டார். பெரிய மனிதரான அவர் பதில் சொல்லாமல் நிற்க முடியாது.

“பொலியட்டும்,” என்றார் முல்லைக்காரர்.

அந்த ஒரு சொல்லைத்தான் களத்தில் எதற்கும் சொல்லலாம். பெருகட்டும் என்று அர்த்தம். அடுத்தவரும் பொலியட்டும் என்றார். அதற்கடுத்தவரும். இப்படியே வட்டமாகச் சுற்றி வந்தது. ஒவ்வொரு முகமும் வேப்பங்காயைக் கடித்த மாதிரி இருந்தது, வாய் மட்டும் பொலியட்டும் என்றது. காரியதரிசியின் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசி ஆள் நான்.

இல்லை ஐயா, நாங்கள் ஒப்பமாட்டோம். இந்த நாலு சொல்லையும் நான் வண்டியில் வரும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். இப்போது வாயைத் திறந்தேன். எனக்கு நேரே பொலி. அதில் ஒரு சின்னச் சரிவில் நெல் தானாக உருண்டு விழுந்தது. காற்றுக்குத்தான் விழுந்திருக்கும். எனக்கு அந்த நேரம் அது காற்றாகத் தெரியவில்லை. இல்லை என்று சொல்லி, நாளைக்கு அளக்கும்போது எண்ணிக்கை எதிர்பார்த்ததற்கு வரவில்லையென்றால், பூதம் கொண்டுபோனது என்று ஊர் சொல்லும். நான் இல்லையென்று வாதாடுவேன். மனைவி ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

“பொலியட்டும் ஐயா,” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

களத்தைத் தாண்டி வரம்பில் ஏறியதும் எனக்கு நாக்குத் திரும்ப வந்தது. அவருக்குப் பின்னால் ஓடினேன். ஐயா, களத்துக்குள்ளே சொன்னதை அப்படியே எடுக்கக்கூடாது, அங்கே இல்லை என்ற சொல்லைச் சொல்வதில்லை, அது எங்கள் வழக்கம் என்றேன். அவர் நின்று கவனமாகக் கேட்டார். மிகவும் அழகான வழக்கம், இதையும் மந்திரியிடம் சொல்கிறேன் என்று அதையும் குறித்துக்கொண்டார். உங்கள் பெட்டிசத்தில் ஒரு கைநாட்டும் இல்லை, இங்கே முப்பது பேர் ஒரே வாயாகச் சொன்னதைக் காதால் கேட்டேனே, நீங்கள் அடக்கத்தில் பேசுகிறீர்கள் என்றார். தயிரும் தேனும் கொண்டுவந்து வைத்தார்கள். ரசித்துச் சாப்பிட்டார். அவருக்கு இரவு ரயிலைப் பிடிக்க வேண்டும். வண்டி போய்விட்டது. அவர் போனபின் முல்லைக்காரர் என்னிடம் வந்து நின்றார், ஏதோ சொல்ல நினைத்துச் சொல்லாமல் போனார். நாங்கள் இன்னும் களத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தோம்.

நாலாம் நாள் பத்திரிகையில் வந்தது. அதை வாசித்தவனும் நானேதான். அந்தப் பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தேன். காக்காவுக்கு வாசிக்கத் தெரியாது என்றாலும் பக்கம் எண்ணத் தெரியும். ஒரு தாள் விட்டிட்டீங்க தம்பி என்றார். வாசித்தேன். மட்டக்களப்புக் கமக்காரர் மந்திரியின் முயற்சிக்கு ஒருமனதாக ஆசி வழங்கினார்கள் என்று இருந்தது. நாற்பது வரிக்காரனுக்கு அன்றைக்கு அரை வரியும் வரவில்லை. கடைக்காரன் காசு கேட்காமல் எனக்கு இன்னொரு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். அதுதான் என்னை மிகவும் கூசச் செய்தது.

கூச்சத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. பட்டினத்து நெல் முதலாளிமார் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். வெள்ளாமைக்காரரே ஒப்புக்கொண்டார்கள் என்றால் அரிசிக் கப்பல் நிச்சயம் வரும், பொறுத்திருந்து வாங்கினால் பாதிக்கு வாங்கலாம் என்பது அவர்கள் கணக்கு. காக்காவும் கையைப் பிசைந்தார். எனக்கு வாங்க விருப்பம்தான், வாங்கி யாரிடம் விற்பது என்றார். அளந்தபோது எங்கள் பொலி எதிர்பார்த்ததற்கு மேலேயே நின்றது. மூடை மூடையாக வீட்டுக்கு வந்து, அறையில் இடம் போதாமல் எங்கள் படுக்கைக்குப் பக்கத்திலும் அடுக்கினோம். தங்கையின் வீடு வெறும் சுவரோடு நின்றது. வளவில் அந்தப் பக்கம் நான் பார்க்காமலே நடந்தேன்.

மனைவி இரண்டு நாள் மூடைகளைச் சுற்றிச் சுற்றி நடந்து வீட்டு வேலையைப் பார்த்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் சோறு போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்தாள். அந்தக் கொழும்பு ஆள் எங்களிடம் என்ன கேட்டார் என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். யார் யாரைக் கேட்டார் என்று கேட்டாள். வெள்ளாமை செய்கிற முப்பது பேரையும் கேட்டார் என்றேன்.

“காணிக்காரர ஒருத்தரும் கேக்கல்லையே,” என்றாள்.

எனக்கு உடனே பிடிபடவில்லை. அவளே சொன்னாள். “அந்த வட்டையில முக்காவாசிக் காணி எங்கட பேரில இரிக்கி. நாங்க களத்துக்குள்ள போறதுமில்ல, பொலியட்டும் எண்டு சொல்லுறதுமில்ல. எங்களக் கேட்டா இல்லையெண்டு சொல்லுவம்.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்கு ஆயிரம் வருடம் போனாலும் வந்திராது. பெட்டிசத்தைத் திரும்ப எழுதினேன், இந்தத் தரம் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். என்னுடைய பெட்டிசத்தில் மூன்று பக்கம் இருந்தது, அவளுடையதில் ஒன்பது வரி. காணிகளுக்குச் சொந்தக்காரர் நாங்கள், எங்களை எவரும் கேட்கவில்லை, களத்தில் ஆண்கள் சொன்னது களத்து வழக்கம், எங்கள் பதில் ‘இல்லை, இல்லை’ என்று இருந்தது. இரண்டு பின்னேரம் அவளும் தங்கையும் வீடு வீடாகப் போனார்கள். நான் மைக்கூட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் படலை வரைக்கும் போவேன், உள்ளே வரவேண்டாம் என்றுவிடுவாள். முல்லைக்காரரின் பெண்சாதி, புருஷன் பார்த்துக்கொண்டிருக்க, பெருவிரலை மையில் தோய்த்து அமர்த்தி வைத்தாளாம். அவர் மறுபக்கம் திரும்பிச் சிரித்தார் என்று மனைவி வந்து சொன்னாள். காணியைக் குத்தகைக்குக் கொடுத்தவர்களும் சேர்ந்து ஐம்பத்திமூன்று கைநாட்டு. முதலில் என் மனைவியின் கையெழுத்து.

பெட்டிசம் தபாலில் போனால் மந்திரி கப்பல் ஏறுமுன் போய்ச் சேராது என்று அதையே மந்திரிக்கும் பத்திரிகைக்கும் தந்தியாக அடித்தோம். தபால் மாஸ்டர் ஒன்பது வரியையும் சொல் சொல்லாக எண்ணி, இதில் ‘இல்லை’ இரண்டு தரம் வருகிறது, ஒன்றைக் குறைக்கலாமே என்று எங்கள் செலவைப் பார்த்துச் சொன்னார். இரண்டும் இருக்கட்டும் என்றாள் மனைவி.

ஐந்தாம் நாள் பத்திரிகையின் மூலையில், சின்ன எழுத்தில், காணிச் சொந்தக்காரப் பெண்கள் மறுப்பு என்று வந்தது. அதைக் கடையில் நான் வாசித்த மாதிரி வேறு எதையும் வாசித்ததில்லை. காக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டார். அன்று மாலையே அவருடைய வண்டி எங்கள் வளவுக்கு வந்தது. ஆம்பிளையள் சொன்னத நம்பி நான் ஒருநாளும் நெல் வாங்கினதில்ல தம்பி என்றார். உடனே எல்லா முதலாளிமாரும் ஓடி வந்து வாங்கினார்கள் என்று எழுதினால் பொய். காக்கா வாங்கினார், அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வாங்கினார்கள், அது எங்களுக்குப் போதுமாக இருந்தது. ஆடி முடிவதற்குள் கூரை ஏறிவிட்டது.

மந்திரி போனார், வந்தார். அரிசிக் கப்பல் வழமைபோல வந்தது, தீர்வையும் வழமைபோல இருந்தது. எங்கள் தந்தியால்தான் அது நின்றது என்று ஊர் சொன்னது. தந்தியை மந்திரி பார்த்தேயிருக்கமாட்டார், இந்தியாவில் இருந்தவர்கள் நல்ல பேரக்காரராக இருந்திருப்பார்கள் என்று காக்கா சொன்னார். எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டிலும் கொஞ்சம் இருக்கலாம்.

மந்திரி திரும்பி வந்து விட்ட அறிக்கையை நான் கடையில் முழுவதுமாக வாசித்தேன், ஒரு வரி வியாக்கியானம் இல்லாமல். பேச்சுவார்த்தை சிறப்பாக நடந்தது. நட்பு வளர்ந்தது. இரு தரப்பிலும் நல்லெண்ணம் பெருகியது. இனி மேலும் பெருகும். இப்படியே ஒரு பத்தி. தேங்காய் என்ன ஆயிற்று, அரிசி என்ன ஆயிற்று என்று ஒரு சொல்லும் இல்லை. எல்லோரும் விளங்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முல்லைக்காரர் மட்டும் விளங்கிக்கொண்டு தலையை ஆட்டினார்.

“பாவம், மந்திரி எந்தக் களவெட்டியில நிண்டு இதச் சொன்னவரோ,” என்றார்.

கடை அதிர்ந்தது. நானும் சிரித்தேன், ஆனால் மற்றவர்களைப் போலச் சிரிக்க முடியவில்லை. பத்து வருடமாக அந்த வாங்கில் உட்கார்ந்து பெரிய மனிதரின் வாயைக் கிண்டல் பண்ணியவன் நான். ஏன் இவர்களுக்கு ஒரு ‘இல்லை’ சொல்ல வராது என்று கேட்டுக் கேட்டு ஊரைச் சிரிக்க வைத்தவன். என் முன்னால் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பொலி நின்றபோது எனக்கும் அந்தச் சொல் வரவில்லை. அவருக்கு முன்னால் என்ன பொலி நின்றதோ, யாருடைய பொலியோ. அதற்குப் பிறகும் நான் மந்திரிமாரை நம்பவில்லை, அந்த நோய் எனக்குக் கடைசிவரை மாறவில்லை. கொஞ்சம் குரலைத் தாழ்த்தி நம்பாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. புது வீட்டில் அந்த நெல்லின் அரிசியில்தான் புக்கை பொங்கினார்கள். மாப்பிள்ளை என்னைப் போலவே கட்டிய வேட்டியோடு வந்து சேர்ந்தார். எல்லோரும் போனபிறகு மனைவியும் நானும் எங்கள் வீட்டு அறையில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். அவள் காலை நீட்டிக்கொண்டு, இவ்வளவு நாளும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள். கோபமாக அல்ல, அறிய விரும்பித்தான் கேட்டாள்.

“உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு அந்தப் பூதத்தில நம்பிக்கை இரிக்கா?”

படித்தவன், பேப்பர்காரன், பதில் சொல்ல எனக்கு யோசனை தேவையில்லை. ஆனாலும் சொல்லுமுன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். விதை நெல்லுக்கென்று விற்காமல் வைத்த ஆறு மூடையும் சுவரோரம் அடுக்கியபடி இருந்தன.

அவளைக் கையைப் பிடித்து எழுப்பி, முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் இல்லை என்று சொன்னேன்.